போட்டோவைப் பார்த்துக் காளானுக்குப் பெயர் சொல்ல முடியுமா?

அடுத்த கேள்விக்கு வருவோம். நேயர் ஒருவர் படத்தோடு அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன். "மழை விட்டதும் புல்தரையில் வெள்ளை வெள்ளையாகக் காளான் முளைத்திருக்கிறது. மொபைல் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். ஒரு பெயரைச் சொல்லி 92 சதவீதம் என்று காட்டுகிறது. அந்தக் காளானைச் சாப்பிடலாம் என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சொன்னால் சமைத்துவிடுவோம். முன்பு ஒருவர் கேட்டபோது போட்டோவை வைத்துச் சொல்ல மாட்டேன் என்றீர்கள். அது ஏன்?"

விளக்கம் அப்புறம் இருக்கட்டும். முதலில், அதைச் சமைக்க வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

சரி, படத்தைப் பார்ப்போம். நின்றபடியே மேலிருந்து எடுத்த படம். வெள்ளைக் குடை, நடுவில் பழுப்பாக ஒரு திட்டு, அதைச் சுற்றிச் செதில் செதிலாக உரிந்த மாதிரி இருக்கிறது. இவ்வளவுதான் தெரிகிறது. இந்தத் தோற்றத்தில் சாப்பிடக்கூடிய காளானும் உண்டு, குளோரோபில்லம் மாலிப்டைட்டீஸ் என்ற நச்சுக் காளானும் உண்டு. இந்த இரண்டாவது காளான் வெப்பமான பகுதிகளில் மழைக்குப் பிறகு புல்தரையில் தாராளமாக முளைக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. வட அமெரிக்காவில் மிக அதிகம் பேர் தவறுதலாகச் சாப்பிடும் நச்சுக் காளான் இதுதான்.

குடையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஏடு ஏடாக மடிப்புகள் இருக்கும். இந்தக் காளானில் அவை இளசாக இருக்கும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். முற்றிய பிறகுதான் சாம்பல் கலந்த பச்சை ஏறும். அதனால் இளங்காளானின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாலும் என்னால் சொல்ல முடியாது. சமையலுக்கு நம் ஆட்கள் தேடிப் பறிப்பதோ இளசைத்தான்.

ஆனால் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு அடையாளம் இருக்கிறது. நன்றாக விரிந்த குடை ஒன்றை மட்டும் தண்டிலிருந்து வெட்டி எடுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கும் காகிதத்தின் மேல், மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் குடையை எடுத்தால், அந்த மடிப்புகளின் அச்சு மாதிரியே மெல்லிய தூள் கோடு கோடாகப் படிந்திருக்கும். அது அத்தனையும் ஸ்போர்கள், அதாவது காளானுக்கு விதை மாதிரியான நுண்துகள்கள். ஒரு ஸ்போர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் கும்பலாக விழும்போது நிறம் தெரிந்துவிடும். வெள்ளைத் தூள் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது, அதற்குத்தான் கறுப்பு. நான் சொன்ன நச்சுக் காளானுக்குத் தூள் பச்சையாக விழும்.

பச்சை விழவில்லை, வெள்ளைதான், அப்போது சாப்பிடலாமா என்று உடனே கேட்பீர்கள். கூடாது. உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற காளானான அமானிடா ஃபாலாய்டஸுக்கும் தூள் வெள்ளைதான்.

அந்தக் காளானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் முக்கியமான அடையாளம் தண்டின் அடியில் பை மாதிரி இருக்கும் ஓர் உறை. பெரும்பாலும் அது மண்ணுக்குள் இருக்கும். நாம் தண்டைப் பிடித்து வெடுக்கென்று பறித்தால் பை மண்ணிலேயே தங்கிவிடும். பிறகு மேசை மேல் வைத்து எவ்வளவு நல்ல கேமராவில் படம் எடுத்தாலும் என்ன பயன்? எது தெரிய வேண்டுமோ அது படத்தில் இல்லை.

சிலர் பையைப் பார்த்தும் ஏமாந்திருக்கிறார்கள். வைக்கோல் காளானுக்கும் அடியில் பை உண்டு. இரண்டுமே மொட்டாக இருக்கும்போது முட்டை மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். வைக்கோல் காளானுக்குத் தூள் இளஞ்சிவப்பு, மற்றதற்கு வெள்ளை. ஆனால் மொட்டுப் பருவத்தில் தூளே விழாது. வைக்கோல் காளானைச் சாப்பிட்டுப் பழகியவர்கள் வேறு நாட்டுக்குக் குடியேறி, அதே என்று நம்பி இதைப் பறித்துச் சமைத்து இறந்துபோயிருக்கிறார்கள். ஊரில் ஆயிரம் முறை பார்த்த காளான் என்ற நம்பிக்கைதான் அவர்களுக்கு எமனாக வந்தது. நினைத்தால் மனசு தாங்கவில்லை.

இன்னொரு விஷயம், அதில் இருக்கும் அமாடாக்சின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் காயவைத்தாலும் போகாது. சாப்பிட்டவுடன் ஒன்றும் செய்யாது. ருசியும் நன்றாகத்தான் இருக்கும் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 6 மணி நேரத்துக்கு மேல், சில சமயம் ஒரு நாள் வரைகூட ஆகித்தான் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். பிறகு சரியாகிவிட்ட மாதிரி தோன்றும். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டே இருக்கும்.

படத்தில் வராத சங்கதிகள் வேறும் உண்டு. வாசனை வராது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு காளான்களில் ஒன்று சோம்பு மாதிரி மணக்கும், இன்னொன்றில் மருந்து நெடி அடிக்கும், அது வயிற்றைப் புரட்டிவிடும். வெட்டினால் மஞ்சளாகிறதா, நீலம் பாய்கிறதா, பால் வடிகிறதா என்பதும் தெரியாது. தெரிகிற நிறத்தையாவது நம்பலாமா என்றால், நிழலில் எடுத்தால் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம், ஃபோன் தானாகத் திருத்தி இன்னொரு நிறம். சில காளான்கள் நனைந்திருக்கும்போது கரும்பழுப்பு, காய்ந்தால் வெளிர் மஞ்சள். இனி ஒரு மழை பெய்தால் குடை மேல் இருக்கும் செதில்களும் கழுவிப் போய்விடும்.

அப்புறம் அந்த 92 சதவீதம். ஆப் தனக்குத் தெரிந்த படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிட்டு, எதோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று சொல்கிறது. அவ்வளவுதான். சாப்பிட 92 சதவீதம் பாதுகாப்பு என்று அதற்கு அர்த்தமே இல்லை. காளானும் ஒரு பூஞ்சைதான். பூஞ்சைகளில் இதுவரை பெயர் வைத்திருப்பது சுமார் ஒன்றரை லட்சம். மொத்தம் 22 முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்பது 2017ல் வந்த மதிப்பீடு. உங்கள் காளான் அந்த ஆப்புக்குத் தெரியாத வகையாக இருந்தாலும், தெரிந்த ஏதோ ஒரு பெயரைத் தூக்கிக் கொடுத்துவிடும். ஆய்வாளர்களே சில வகைகளைக் கையில் வைத்துக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் ஸ்போரை அளந்து, டிஎன்ஏ வரை போய்த்தான் முடிவு செய்கிறார்கள்.

வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை, பூச்சி அரித்திருக்கிறது, தோல் உரிகிறது என்று சொல்லும் சோதனைகளைத் தயவுசெய்து நம்பாதீர்கள். ஒன்றுகூட உண்மையில்லை. அமானிடாவை நத்தை நன்றாகத் தின்னும்.

இதற்காகப் படமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசை நல்லது, எனக்கும் அதில் சந்தோஷம்தான். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, குச்சியால் மண்ணைத் தோண்டி முழுத் தண்டோடு ஒன்று, நெடுக்காகப் பிளந்து ஒன்று, தூள் படிந்த காகிதத்தையும் ஒன்று எடுங்கள். மண்ணிலா, மரத்திலா, சாணத்திலா, எதில் முளைத்தது, பக்கத்தில் என்ன மரம் என்றும் எழுதுங்கள். எந்தப் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள வகைகளின் எந்தக் கூட்டம் என்றாவது சொல்லப் பார்க்கிறேன். அது தெரிந்துகொள்ள மட்டும், சமைக்க அல்ல.

வீட்டில் யாராவது ஏற்கெனவே தின்றிருந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மீதிக் காளான் இருந்தால் காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் சீக்கிரம் அழுகிவிடும். குப்பையில் போட்டிருந்தாலும் பரவாயில்லை, தேடி எடுத்துப் போங்கள்.