சந்தையா, சேனையா? – ‘சந்தையே’ அணியின் இரண்டாம் உரை

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம். எனக்குத் தரப்பட்டிருக்கும் நேரம் குறைவு. எனவே பாராட்டுரைகளை அடுத்த மேடைக்கு வைத்துக்கொண்டு நேரே தலைப்புக்கு வருகிறேன். ‘அமெரிக்க–சீனப் போட்டியின் முடிவைத் தீர்மானிப்பது சந்தையா, சேனையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தையே என்பது எங்கள் அணியின் கட்சி.

வாதத்தைத் தொடங்குமுன் ஒரு பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும். எங்கள் அணித் தலைவி அம்மா அவர்கள் 2018ஆம் ஆண்டின் கப்பல் கதை ஒன்றைச் சொன்னார். அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து ஏறத்தாழ 70,000 டன் சோயாவை ஏற்றிக்கொண்டு ‘பீக் பெகாசஸ்’ என்ற சரக்குக் கப்பல் சீனாவின் டாலியன் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. ஜூலை 6 அன்று அமெரிக்கச் சோயாவின்மீது சீனாவின் 25 சதவீதக் கூடுதல் வரி விழப்போகிறது. அதற்குள் கரைசேர வேண்டும் என்று அந்தக் கப்பல் விரைய, சீன இணையவாசிகள் அதற்கு உற்சாகமூட்ட, சில மணி நேரத்தில் கெடு தப்பிப்போக, பிறகு ஒரு மாத காலம் கரையில் இறங்கவும் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாமல் அது டாலியனுக்கு வெளியே கடலில் சுற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் ரசித்தீர்கள், கைதட்டினீர்கள்.

அந்தக் கைதட்டலைப் பொறுக்க முடியாமல் அடுத்து எழுந்த எதிரணிப் பேராசிரியர் என்ன சொன்னார்? “சோயா மூட்டைக் கப்பலுக்கு இவ்வளவு உருகுகிறார்களே, விமானம் தாங்கிக் கப்பல் ஒன்று கரைக்கு எதிரே வந்து நின்றால், இந்தச் சந்தை அணியினர் கல்லாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிட மாட்டார்களா?” என்று கேட்டார். எங்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல் அவருக்குக் கிடைத்தது. நடுவர் அவர்களும் சிரித்தீர்கள்; நான் குறித்து வைத்திருக்கிறேன்.

பேராசிரியர் அவர்களே, ஓட மாட்டோம். உங்கள் விமானம் தாங்கிக் கப்பலையே பேசுவோம். சீனக் கடற்படையின் முதல் விமானம் தாங்கிக் கப்பலான ‘லியாவோனிங்’ எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நான் சொல்கிறேன். அது ஒரு கல்லாப் பெட்டியிலிருந்து வந்தது.

சோவியத் ஒன்றியம் உக்ரைனின் மிகொலாயிவ் கப்பல் தளத்தில் ‘வர்யாக்’ என்ற பெயரில் அதைக் கட்டிக்கொண்டிருந்தது. பாதிக்குமேல் கட்டி முடித்த நிலையில், கட்டிக்கொண்டிருந்த நாடே கலைந்துபோனது. துருப்பிடித்துக் கிடந்த அந்த உடலை உக்ரைன் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. 1998இல் அதை 2 கோடி டாலருக்கு வாங்கியவர் தளபதியல்லர், அட்மிரலும் அல்லர். சூ செங்பிங் என்ற ஹாங்காங் தொழிலதிபர் ஒருவர் வாங்கினார். எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம்தான் இந்த மன்றத்துக்குத் தேவையானது: சீனக் கரையோரச் சூதாட்ட நகரான மக்காவோவுக்குக் கொண்டுபோய், கடலில் மிதக்கும் சூதாட்ட விடுதியாக மாற்றப் போகிறாராம்.

பின்வரிசையில் இருப்பவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். போர் விமானங்கள் ஏறி இறங்குவதற்காகக் கட்டப்பட்ட, முந்நூறு மீட்டருக்குமேல் நீளமுள்ள ஒரு போர்க்கப்பலை, சீட்டாடுவதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, ஒரு வியாபாரி வாங்கினார். அந்தக் கப்பலைக் கட்டி நிறுத்துமளவுக்கு மக்காவோவின் துறைமுகத்தில் ஆழம் இல்லை என்று அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். ஆழம் இல்லாத துறைமுகத்தில் அத்தனை பெரிய சூதாட்ட விடுதியா என்று உலகம் சந்தேகப்பட்டது, சந்தேகப்பட்டதோடு நின்றுவிட்டது. ஏனென்றால் விலை கொடுக்கப்பட்டிருந்தது, ரசீது சரியாக இருந்தது. பேரம் நடந்த நாட்களில் தாம் கொண்டுபோன சீனச் சாராயப் புட்டிகள் எத்தனை காலியாயின என்பதைப் பின்னாளில் அந்தத் தொழிலதிபரே பேட்டியில் பெருமையோடு சொன்னார். எதிரணியினர் சேனை சேனை என்று முழங்குகிறார்களே, அந்தச் சேனையின் தாய்க்கப்பல் பிறந்தது சாராயமும் சீட்டாட்டக் கதையும் ஏலமும் சேர்ந்த இடத்தில்.

கதை அத்துடன் முடியவில்லை. எந்திரம் ஓடாத, சுக்கான் வேலை செய்யாத அந்த உடலை இழுவைக் கப்பல்கள் கருங்கடல் வழியாக இழுத்து வந்தன. காற்று சற்று மாறினாலும் அது துருக்கியின் பாஸ்பரஸ் நீரிணையில் குறுக்கே திரும்பி வழியையே அடைத்துவிடும் என்று அந்த நாடு அஞ்சியது, அனுமதி மறுத்தது. ஓர் ஆண்டுக்கும் மேலாக அது கருங்கடலில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் சோயாக் கப்பல் ஒரு மாதம் சுற்றியதற்கே சிரித்தீர்களே பேராசிரியரே, உங்கள் போர்க்கப்பல் சுற்றியதற்கு எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும்? கடைசியில் துருக்கியின் மனத்தை எது மாற்றியது? சீனா ஏவுகணை எதையும் திருப்பவில்லை. சீனச் சுற்றுலாப் பயணிகளைத் துருக்கிக்கு அனுப்பலாம் என்றும் வர்த்தகத்தைக் கூட்டலாம் என்றும் பேசிப் பேசி வழியைத் திறக்க வைத்தது. 2001 நவம்பரில் பாஸ்பரஸைக் கடந்த அந்தக் கப்பல், சொந்த எந்திரத்தால் நகராததைச் சூயஸ் கால்வாய் ஏற்காது என்பதால் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, 2002 மார்ச்சில் ஒரு சீனத் துறைமுகத்தை அடைந்தது. எந்தத் துறைமுகம் தெரியுமா? டாலியன். எங்கள் சோயாக் கப்பல் காத்துக் கிடந்த அதே டாலியன்.

பத்து ஆண்டு வேலைக்குப் பிறகு 2012 செப்டம்பரில் அது லியாவோனிங் என்ற பெயரோடு கடற்படையில் சேர்ந்தது. வாங்கிக் கொடுத்த தொழிலதிபருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? தாம் செலவழித்த பணம் தமக்கு முழுமையாகத் திரும்பவில்லை என்று அவரே வருந்திச் சொன்னார். சேனைக்குக் கடன் கொடுத்தவர்களின் நிலை எந்த ஊரிலும் இதுதான் போலும்.

இது நகைச்சுவைக்காகச் சொன்ன கதை மட்டுமன்று. எதிரணித் தலைவர் ஐயா அவர்கள் 1996ஐத் தம் பக்கச் சான்றாகக் காட்டினார். தைவானுக்கு அருகே சீனா ஏவுகணைகளை ஏவியபோது, அமெரிக்கா இரண்டு விமானம் தாங்கிக் கப்பல் அணிகளை அனுப்பி நிலைமையை அடக்கியது. சேனைதானே வென்றது என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன், அன்றைய நாளுக்கு. அந்த அவமானத்துக்குச் சீனா எப்படிப் பதில் சொன்னது? இரண்டே ஆண்டில் ஏலக்கடைக்குப் போனது. அதற்கடுத்த பத்தாண்டுகளில் பொம்மையும் சட்டையும் தொலைக்காட்சிப் பெட்டியும் விற்றுத் திரட்டிய பணத்தில் கப்பல் தளங்களை எழுப்பியது. 2001 டிசம்பர் 11 அன்று உலக வர்த்தக அமைப்பில் சீனா உறுப்பினராக நுழைந்தது. அதன்பிறகு அமெரிக்கரிடம் விற்றுச் சம்பாதித்த டாலரை அமெரிக்க அரசுக்கே கடனாகக் கொடுத்து, 2013 வாக்கில் 1.3 லட்சம் கோடி டாலர் அளவுக்கு அமெரிக்கக் கடன் பத்திரங்களைக் கையில் வைத்திருந்தது. இன்று எண்ணிக்கையில் உலகின் மிகப்பெரிய கடற்படை சீனாவுடையது என்று எதிரணி அச்சுறுத்துகிறதே, அந்தக் கடற்படைக்கு உரிய தொகையில் ஒரு பகுதியை அமெரிக்கக் குடும்பங்கள் கடைக்குப் போய்த் தவணை முறையில் செலுத்தியிருக்கின்றன.

அமெரிக்கச் சேனையின் பக்கம் பாருங்கள். 2022 செப்டம்பரில் எஃப்-35 போர் விமானங்களைப் பெற்றுக்கொள்வதை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. எதிரியின் தாக்குதலா? இல்லை. விமானத்துக்குள் இருந்த ஒரு காந்தத்தில் சீனாவிலிருந்து வந்த உலோகக் கலவை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு என்ன செய்தார்கள்? தேசியப் பாதுகாப்புக்குத் தேவை என்று விதிவிலக்கு எழுதிக்கொடுத்து, அதே காந்தத்தோடு விமானங்களைப் பெற்றுக்கொண்டார்கள். சீனாவை எதிர்கொள்ளக் கட்டிய விமானம், சீனச் சரக்கில்லாமல் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை.

2025 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கா சீனப் பொருள்மீது வரியை 145 சதவீதமாக ஏற்றியது. சீனா 125 சதவீதமாக ஏற்றியது. அதற்கிடையில் ஏப்ரல் 4 அன்று, வலிமையான காந்தங்கள் செய்யத் தேவைப்படும் அருமண் தனிமங்களில் ஏழு வகைகளை ஏற்றுமதி செய்ய இனி உரிமம் வேண்டும் என்று சீனா ஒரு கட்டளை பிறப்பித்தது. அருமண் தனிமங்களைச் சுத்திகரிப்பதில் உலக அளவில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. காந்தம் கிடைக்காமல் மே மாதத்தில் சிகாகோவில் ஒரு கார் தொழிற்சாலை ஒரு வாரம் மூடிக் கிடந்தது. அதே மே மாதம் ஜெனீவாவில் இரு தரப்பும் உட்கார்ந்து, வரிகளை 30க்கும் 10க்கும் இறக்கின. அமெரிக்காவிடம் இருக்கும் 11 விமானம் தாங்கிக் கப்பல்களில் ஒன்றைக்கூட அந்தப் பேச்சில் யாரும் மேசைமேல் வைத்ததாகத் தெரியவில்லை. உலகின் மிகப்பெரிய இராணுவச் செலவு செய்யும் நாடு, 2024இல் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி டாலரைப் படைக்குச் செலவிட்ட நாடு, விரல்நுனி அளவுக் காந்தத்துக்காக மேசைக்கு வந்தது. தைவானைப் பற்றி எதிரணி இன்னும் பேசும், பேசட்டும். அந்தத் தீவில் உருவாகும் கணினிச் சில்லுகள் இரு வல்லரசுகளுக்கும் வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் மறக்காமல் இருந்தால் போதும்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்கள் அனுமதித்தால் இன்னும் ஓரிரு நிமிடம்.

வர்யாக் கதையில் ஒரு செய்தியை நான் சொல்லாமல் வைத்திருந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அதைச் சொல்ல மனம் வரவில்லை. பாஸ்பரஸைத் தாண்டிய சில நாட்களில் ஏஜியன் கடலில் புயல் வீசியது. இழுவைக் கயிறு அறுந்து, கப்பல் தன்போக்கில் மிதக்கத் தொடங்கியது. கயிற்றை மீண்டும் இணைக்க முயன்ற இழுவைக் கப்பல் மாலுமி ஒருவர் விழுந்து உயிரிழந்தார். அவர் சீனப் படையிலும் இல்லை, அமெரிக்கப் படையிலும் இல்லை. கூலிக்கு வேலை செய்யப் போனவர்.

அதே 2001இன் ஏப்ரல் முதல் நாள். சீனாவின் ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்காவின் ஈபி-3 உளவு விமானமும் சீனாவின் போர் விமானமும் வானில் மோதிக்கொண்டன. அமெரிக்க விமானம் ஹைனானிலேயே இறங்கியது. அதிலிருந்த 24 பேரும் பதினொரு நாள் தடுத்து வைக்கப்பட்டார்கள். பிறகு கடிதங்கள் பறந்தன, வருத்தம் தெரிவிக்கப்பட்டது, ஆட்கள் வீடு திரும்பினார்கள். விமானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஜூலையில் திருப்பி அனுப்பினார்கள். தங்குமிடமும் இதர செலவும் என்று சீனா 10 லட்சம் டாலர் கேட்டது. அமெரிக்கா உட்கார்ந்து கணக்குப் போட்டு, 34,567 டாலர் தருவதாகச் சொன்னது. சீனா அதை ஏற்க மறுத்தது. ஆகஸ்ட் மாதம் இந்தத் தொகைக்காக இரு வல்லரசுகளும் முறைத்துக்கொண்டன. டிசம்பரில் ஒன்றின் ஆதரவோடு மற்றொன்று உலகச் சந்தைக்குள் நுழைந்தது.

அந்தச் சீன விமானத்தை ஓட்டியவர் வாங் வெய் என்ற இளைஞர். கடலில் பல நாள் தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி அமெரிக்க அதிபருக்குக் கடிதம் எழுதினார். வீட்டில் சிறு வயது மகன் இருந்தான். அவையோரே, உளவு விமானத்தின் ஒவ்வொரு திருகாணியும் பெட்டியில் அடுக்கி உரியவரிடம் சேர்க்கப்பட்டது. அந்தச் சிறுவனின் வீட்டுக்கு எதைப் பெட்டியில் வைத்து அனுப்ப முடிந்தது?

இப்போது எதிரணியினர் சொல்வார்கள்: “இது வாதமன்று, கண்ணீர். சந்தை வெல்லும் என்பதற்கு இதில் சான்று எங்கே?” சான்று இல்லைதான். இதுவரை சந்தை வெல்லும் என்று கணக்கோடு சொல்லிவந்த நான், இப்போது சந்தை வெல்ல வேண்டும் என்று கேட்டு நிற்கிறேன். அமெரிக்காவின் அயோவாவில் சோயா பயிரிடும் உழவர் வரியால் நட்டப்படட்டும். அடுத்த பருவத்தில் அவர் மீண்டும் விதைக்கலாம். சீனாவின் ஷென்ஜென்னில் வேலை போன தொழிலாளி வேறு ஆலையின் வாசலில் போய் நிற்கலாம். இரு நாட்டுத் தலைவர்களும் வரிப்பட்டியலை வீசி ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளட்டும். அந்த அடியில் பல வீடுகளில் பணம் போகும், உறக்கம் போகும், ஆனால் மாலையில் தந்தை வீடு திரும்புவார். ஹைனானில் அந்தச் சிறுவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் எந்தச் சந்தை நிபுணராலும் எந்தத் தளபதியாலும் அவனுக்கு ஒரு பதில் சொல்ல முடியவில்லை.

நடுவர் அவர்களே, தாங்களும் பிள்ளை பெற்றவர். சேனைக்கே வெற்றி என்று தீர்ப்பளிக்கும் உரிமை தங்களுக்கு உண்டு; பேராசிரியரின் நகைச்சுவைக்குத் தாங்கள் சிரித்ததைப் பார்த்தால் அந்த எண்ணமும் இருக்கிறது போலத் தோன்றுகிறது. அப்படித் தீர்ப்பளிப்பதானால், வாங் வெய்யின் வீட்டுக்கு எழுதக்கூடிய சொற்களில் அதை அளியுங்கள். எங்கள் அணி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். நன்றி, வணக்கம்.