தண்டவாளத்தின் மேல் அல்ல, அதன் ஓரத்தில்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வேலையற்றோருக்காக அரசுகள் நடத்தும் வேலைத் திட்டங்களைக் கொண்டு, பாழடைந்த ரயில் பாதைகளைச் சீரமைக்கவும் ஓடும் பாதைகளைப் பராமரிக்கவும் முடியுமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும் என்பதே என் பதில். ஆனால் அந்த ஆட்களைத் தண்டவாளத்தின் மேல் அல்ல, அதன் ஓரத்தில்தான் நிறுத்த வேண்டும்.

திரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். கருங்கல் ஜல்லிக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் சாம்பல் நிறச் சேறு காய்ந்து கிடக்கிறது. அங்கே பக்க வாய்க்கால் தூர்ந்துபோனதால், மழைநீர் வெளியேற வழியின்றி ஜல்லிக்கு அடியிலேயே தங்கிவிட்டது. ரயிலின் சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது ஸ்லீப்பர் கட்டை அமுங்கி எழுகிறது. அடிமண் குழம்பாகி, கைப்பம்பு அடித்தாற்போல மேலே பீய்ச்சுகிறது. கற்களின் இடைவெளி இப்படிச் சேற்றால் அடைபட்டுவிட்டால், இயந்திரத்தைக் கொண்டுவந்து எத்தனை முறை மட்டம் சரிசெய்தாலும் பாதை மீண்டும் அதே இடத்தில் உட்கார்ந்துவிடும். அங்கே வேகத்தைக் குறைத்தே ரயிலை ஓட்ட வேண்டியிருக்கும். இத்தனைக்கும் மூலம், மண்வெட்டியும் கூடையும் இருந்தால் தூர்வாரிவிடக்கூடிய ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை என்பதால், பணம் குறையும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

வாய்க்காலைத் தூர்வாருவது, மண்கரையின் சரிவைக் கட்டுவது, புதர் வெட்டுவது, லெவல் கிராசிங்குக்கும் நிலையத்துக்கும் செல்லும் சாலையைச் செப்பனிடுவது போன்ற வேலைகளுக்கு ஆள்பலமே முதன்மையான தேவை. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த நூறு நாள் வேலைத் திட்டத்தில் ரயில்வே சேர்த்துக்கொண்ட பணிகளும் ஏறக்குறைய இவையே. ஒப்பந்தக்காரர் கூடாது, செலவில் குறைந்தது 60 விழுக்காடு கூலியாகப் போக வேண்டும் என்ற விதிகள் கொண்ட ஒரு திட்டத்துக்கு, இரும்பும் இயந்திரமும் மிகுதியாகக் கேட்கும் தண்டவாளப் பணி எப்படிப் பொருந்தும்?

பிரிட்டனின் அனுபவம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. அங்கே 1970களிலும் 80களிலும் மேன்பவர் சர்வீசஸ் கமிஷன் என்ற அரசு அமைப்பு வேலையற்றோருக்காக நடத்திய திட்டங்களின் வழியாக, தன்னார்வலர்கள் மீட்டெடுத்துக்கொண்டிருந்த பழைய பாதைகளுக்கு ஆட்கள் கிடைத்தார்கள். வேல்ஸ் மலைப்பகுதியில் 1946இல் நின்றுபோன ஃபெஸ்டினியாக் குறுகிய பாதை, 1955 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு, 1982இல்தான் மறுமுனையான பிளைனா என்ற ஊரை எட்டியது. மின்நிலையத்தின் நீர்த்தேக்கத்தில் பழைய தடத்தின் ஒரு பகுதி மூழ்கிவிட்டதால், மலையைச் சுற்றிப் புதுத் தடமே வெட்ட வேண்டியிருந்தது. அந்தத் தடத்தின் பெரும்பகுதி தன்னார்வலர்களின் உழைப்பு; பிற்கட்டப் பணிகளில் அரசுத் திட்டத்தின் ஆட்களும் கைகொடுத்தார்கள்.

ஆனால் அத்தகைய திட்டங்களில் ஒன்றாக 1982இல் தொடங்கிய கம்யூனிட்டி புரோகிராமில் ஒருவர் அதிகபட்சம் ஓராண்டுதான் வேலை செய்ய முடிந்தது. கல்சுவர் கட்டவோ, கரைச் சரிவின் கோணத்தைக் கண்ணாலேயே கணிக்கவோ ஒருவர் பழகும்போது அவருடைய தவணை முடிந்துவிடும். மேஸ்திரி அடுத்தவருக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். வேலையின்மையை மாதக்கணக்கில் பார்ப்பவர்களுக்கு இது நியாயமான விதியாகத் தெரியலாம். பாதையை வைத்துப் பார்த்தால், அது கற்ற கையைத் துரத்தும் விதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரயில் ஓடும் பாதையின் ஓரத்தில் குனிந்து வேலை செய்பவருக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது. எதிர்க்காற்றில் அதன் ஓசையும் கேட்காமல் போகலாம். எனவே ஒவ்வொரு குழுவிலும் மண்வெட்டியைத் தொடாமல், வண்டி வருவதைப் பார்த்து விசில் ஊதுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். கூலிக் கணக்கில் அவரைச் சும்மா நிற்பவராகக் கருதி நீக்கிவிடுவதுதான் இத்தகைய திட்டங்களில் நான் மிகவும் அஞ்சும் சிக்கனம்.

பாதையைப் பராமரிக்கும் ரயில்வே ஊழியர்களான நிரந்தர டிராக்மேன்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. மலிவான தற்காலிக ஆட்களைக் காட்டி, காலியாகும் நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் விட்டால், அடுத்த தவணை ஆட்களுக்கு வேலை சொல்லித்தரவே யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு குழுவையும் ஒரு நிரந்தர டிராக்மேனின் பொறுப்பில் விட்டு, தவணை முடிந்தவர்களில் நன்றாகத் தேறியவர்களை அந்தக் காலியிடங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். தூர்வாரிய வாய்க்காலை அடுத்த மழைக்கு முன் மறுபடியும் தூர்வார வேண்டியிருக்கும். அப்போதும் அதே ஆட்கள் அங்கே இருப்பார்கள்.