அம்மா வீட்டுக் கபினெட்டுக்கு மறைகீல்: ஜிக் வைத்துத் துளை போடுகிறேன்

வணக்கம் மக்களே. இன்று பினாங்கு ஜெலுத்தோங்கில், அம்மாவின் ஃபிளாட்டில் இருக்கிறேன். பின்னால் கேட்கிற சத்தம் மழை. அதனால் ஐந்தடிப் பாதையில் போட வேண்டிய மேசையைச் சமையலறைக்குள்ளேயே போட்டுவிட்டேன். இடம் நெருக்கம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் கதவைப் பாருங்கள். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். மேல்கீல் பிடித்துக்கொண்டிருக்கிறது, கீழ்க்கீல் கழன்று தொங்குகிறது. அம்மா இதை எப்படித் திறக்கிறார் தெரியுமா? வலது கையால் கைப்பிடியை இழுக்கிறார். இடது கையைக் கதவுக்கு அடியில் கொடுத்துச் சற்றுத் தூக்குகிறார். ஆறு மாதமாக இப்படித்தானாம். போன வாரம் பருப்பு டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இந்தக் கதவை மூடியதைப் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. கதவு செய்வதையே தொழிலாக வைத்திருக்கிறேன், என் அம்மா கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இது ஏன் கழன்றது என்று காட்டுகிறேன். ஸ்குரூ இருந்த இடத்தை விரலால் தடவினால் துகள் துகளாக உதிர்கிறது பாருங்கள். இது சிப்போர்டு, அதாவது மரத்துகளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. பக்கத்திலேயே கழுவுத்தொட்டி. நம் ஊர் ஈரப்பதமும் சேர்ந்துகொண்டது. விளிம்பில் ஒட்டிய பட்டை எங்காவது விட்டால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, பலகை உப்பிவிடும். உப்பிய சிப்போர்டு திரும்பப் பழையபடி ஆகாது. ஸ்குரூவுக்குப் பிடிமானமும் இருக்காது. பெரிய ஸ்குரூவாக வாங்கி முறுக்கினாலும் கொஞ்ச நாளில் அதுவும் கழன்று வரும். அதனால் கதவையே மாற்றுகிறேன். 18 மி.மீ. பிளைவுட், லேமினேட் ஒட்டியது, பலகைக் கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கி வந்தேன். மொத்தம் ஆறு கதவுகள்.

சரி, கீலுக்கு வருவோம். கடையில் எங்செல் (மலாயில் கீல்) என்று மட்டும் கேட்டால் எல்லாவகைக் கீலையும் எடுத்துக் காட்டுவார்கள். கதவை மூடினால் வெளியே தெரியாத வகை, அதாவது மறைகீல் வேண்டும் என்று சொல்லுங்கள். இதோ, ஒரு பக்கம் வட்டமான கிண்ணம், மறுபக்கம் கை. கிண்ணம் கதவுக்குள் புதையும். கை கபினெட்டின் பக்கப்பலகையில் உள்ள பிளேட்டில் மாட்டும். கிண்ணத்தின் விட்டம் 35 மி.மீ. சின்னக் கதவுகளுக்கு 26 மி.மீ. கிண்ணமும் உண்டு, ஆனால் சமையலறையில் நீங்கள் பார்ப்பதெல்லாம் அநேகமாக 35தான்.

கையின் வளைவையும் பார்த்து வாங்க வேண்டும். கதவு பக்கப்பலகையின் முகப்பை முழுதாக மூடினால் நேரான கை. நடுப்பலகை ஒன்றை இரண்டு கதவுகள் பாதிப் பாதி பங்கிட்டுக்கொண்டால் கொஞ்சம் வளைந்த கை. கபினெட்டுக்குள்ளேயே அடங்கி உட்காரும் கதவென்றால் இன்னும் அதிகம் வளைந்தது. அம்மா வீட்டில் நான்கு கதவுகளுக்கு நேர்க்கை, நடுவில் உள்ள இரண்டுக்குப் பாதி வளைவு. இதைப் பார்க்காமல் ஒரே மாதிரி வாங்கி வந்தால் நடுவில் இரண்டு கதவுகளும் ஒன்றோடொன்று முட்டும்.

இப்போது ஜிக். துளை சரியான இடத்தில் விழ வழிகாட்டுகிற, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சட்டம்தான். நடுவில் 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட், அதாவது அடி தட்டையான வட்டக் குழி போடும் ட்ரில் முனை நிற்கிறது. இரண்டு பக்கமும் கிண்ணத்தின் ஸ்குரூக்களுக்கு வழித்துளை. முன்னால் இந்த இரண்டு திருகிகளில் 3, 4, 5, 6 என்று எண்கள் இருக்கின்றன. ஜிக் வாங்குகிற பலரும் கவனிக்காமல் விடுவது இந்த எண்ணைத்தான். நான் இன்று பேச வந்ததும் இதைப் பற்றித்தான்.

கதவின் விளிம்புக்கும் கிண்ணக் குழியின் விளிம்புக்கும் நடுவே எத்தனை மி.மீ. பலகை மிச்சம் நிற்கிறது என்பதே அந்த எண். குழியின் மையத்திலிருந்து அளப்பது இல்லை. 5-ல் வைத்தால் விளிம்பிலிருந்து 5, அதோடு குழியின் பாதி 17.5, ஆக மையம் 22.5 மி.மீ. தூரத்தில் விழும். எண்ணை ஒன்று கூட்டினால் கதவு பக்கப்பலகையின் மேல் ஒரு மி.மீ. கூடுதலாகப் படியும். ஒன்று குறைத்தால் ஒரு மி.மீ. குறைவாகப் படியும். கதவு எங்கே உட்காரப் போகிறது என்பது ட்ரில் ஓடுவதற்கு முன்பே இந்த எண்ணில் முடிவாகிவிடுகிறது. குழியைக் கையாலும் போடலாம், நான் பல வருடம் அப்படித்தான் போட்டேன். ஆனால் ஆறு கதவு, பன்னிரண்டு குழி, பன்னிரண்டும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் விழ வேண்டும். கண்ணையும் பென்சிலையும் நம்பி அது வராது. பென்சில் கோட்டுக்கே அரை மி.மீ. கனம் இருக்கிறது.

இன்னொன்று. ஜிக்கில் உள்ள ஸ்குரூத் துளைகள் உங்கள் கீலுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பரவலாக உள்ள அமைப்பில் இரண்டு ஸ்குரூவுக்கும் இடைவெளி 45 மி.மீ., அவை கிண்ணத்தின் மையக்கோட்டிலிருந்து 9.5 மி.மீ. தள்ளி இருக்கும். 48 இடைவெளியும் 52 இடைவெளியும் உள்ள கீல்களும் விற்கிறார்கள். கீலைத் தலைகீழாக ஜிக்கின் மேல் வைத்துப் பாருங்கள், இப்படி. துளையும் துளையும் நேராக நின்றால் சரி. நிற்காவிட்டால் குழியை மட்டும் ஜிக்கில் போட்டுவிட்டு, ஸ்குரூ இடத்தைக் கீலை வைத்தே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆழம். கிண்ணம் வகையைப் பொறுத்து 11 முதல் 13 மி.மீ. வரை ஆழம் கேட்கும். பிட்டில் உள்ள இந்த வளையம்தான் தடுப்பு. இதன் சின்ன ஸ்குரூ இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு கதவுக்கும் பார்க்கிறேன். அதிர்வில் தளர்ந்துவிடும். பிட்டின் நடுமுனையைப் பாருங்கள், அது குழியின் அடியைவிட இரண்டு மூன்று மி.மீ. கீழே இறங்கும். 18 மி.மீ. பலகையில் 12.5 குழி போட்டால் மிச்சம் 5.5, பயமில்லை. 15 மி.மீ. பலகையில் மிச்சம் 2.5தான். அந்த முனை முகப்பு லேமினேட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். எனக்கு வந்திருக்கிறது. வெள்ளைக் கதவு, நடுவில் எள் அளவு ஓட்டை. அந்தக் கதவை என் காசில் மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து, கதவைத் தொடும் முன் அதே பலகையின் வெட்டுத் துண்டில் ஒரு குழி போட்டு, கீலை உட்கார வைத்துப் பார்க்காமல் நான் ஆரம்பிப்பதே இல்லை. கடையில் கதவு வெட்டும்போது மிச்சத் துண்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கொடுப்பார்கள்.

இதோ வெட்டுத் துண்டு. ஜிக்கை விளிம்போடு ஒட்டி வைக்கிறேன். இரண்டு திருகியும் பலகையைத் தொட வேண்டும். ஒன்று தொட்டு மற்றது தொடாமல் இருந்தால் ஜிக் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். கிளாம்ப் போடுகிறேன். கையால் அழுத்திப் பிடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 35 மி.மீ. பிட் பலகையைக் கவ்வும்போது ஜிக்கைச் சுழற்றப் பார்க்கும்.

ட்ரிலை மெதுவான கியரில் வைக்கிறேன். லேமினேட்டைத் தொடும் முன்பே பிட் சுழன்றுகொண்டிருக்க வேண்டும், அப்போது விளிம்பு பெயராது. பாருங்கள்... முதலில் வெள்ளையாகத் தூள் வருகிறது, அது லேமினேட். இப்போது பழுப்பு நிறத்தில் சுருள் சுருளாக வருகிறது, பிளைவுட். நிறுத்தித் தூளை எடுக்கிறேன். தூள் அடைத்தால் பிட் சூடேறி மரம் கருகும். அந்த வாசனை வந்தாலே நிறுத்துங்கள். பிட் கார்பைடு முனை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். பலகையில் உள்ள பசை சாதா எஃகு முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

ஆச்சு. கிண்ணத்தை வைக்கிறேன். டொக். ஆடவில்லை, மேலே நீட்டிக்கொண்டும் இல்லை. இப்போதுதான் உண்மையான கதவை எடுக்கிறேன்.

இந்தக் கதவின் உயரம் 700 மி.மீ., இரண்டு கீல் போதும். 900-க்கு மேல் போனால் மூன்று, இரண்டு மீட்டர் அலமாரிக் கதவுக்கு நான்கு. கதவு கனமாக இருந்தால் ஒன்று கூடப் போடுங்கள். மேலிருந்து 100, கீழிருந்து 100 என்று மையம் குறித்திருக்கிறேன். உள்ளே தட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிளேட் வர வேண்டிய இடத்தில் தட்டு இருந்தால் கீலைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்த வேண்டும்.

கபினெட் பக்கம். பிளேட்டின் ஸ்குரூக்கள் பக்கப்பலகையின் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே, ஒன்றுக்கொன்று 32 மி.மீ. இடைவெளியில் இருக்க வேண்டும். உள்ளடங்கும் கதவாக இருந்தால் 37-ஓடு கதவின் கனத்தையும் கூட்டுங்கள். உயரத்தை அளக்கும்போது கவனம். கதவு கபினெட்டின் மேல்விளிம்பைவிட 3 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. அதனால் கதவில் 100 என்றால் கபினெட்டில் 103. இரண்டிலும் 100 என்று குறித்தால் கதவு 3 மி.மீ. மேலே ஏறி நிற்கும். பிளேட்டில் உயரத் திருத்தம் மேலும் கீழும் 2 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும், அதை வைத்துச் சமாளிக்க முடியாது.

கதவை மாட்டுகிறேன். கையின் நுனியைப் பிளேட்டில் கொக்கி மாட்டி, பின்பக்கம் அழுத்தினால்... கேட்டதா? மாட்டிக்கொண்டது.

இனி மூன்று திருத்தங்கள். முன்பக்க ஸ்குரூ கதவை இடம் வலம் நகர்த்தும். பின்பக்க ஸ்குரூ கதவுக்கும் கபினெட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டும், குறைக்கும். பிளேட்டில் உள்ளது உயரம். கதவு கோணலாக நின்றால் மேல்கீலை ஒரு பக்கமும் கீழ்க்கீலை எதிர்ப்பக்கமும் கால் சுற்றுத் திருப்பினால் போதும். ஒரே கீலில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றாதீர்கள். அப்படிச் சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தப்பு குழியில் இருக்கிறது.

அம்மா, இங்கே வாங்க. இதைத் திறந்து பாருங்க.

பார்த்தீர்களா? வலது கை கைப்பிடிக்குப் போகிறது. இடது கையும் தானாகக் கதவுக்கு அடியில் போகிறது. தூக்க வேண்டாம்மா, சும்மா இழுங்க. ஆமாம், ஒரு கைதான். இப்போது தள்ளிவிடுங்க, அது மெல்ல தானாக மூடிக்கொள்ளும்.

இன்னும் ஐந்து கதவுகள் இருக்கின்றன. அடுத்து நடுவில் உள்ள ஜோடி. ஜிக்கின் எண்ணை மறுபடி வெட்டுத் துண்டில் சோதித்துவிட்டு அதை எடுக்கிறேன்.