கண்ணுக்குள்ள கேஸ் குமிழ் இருக்கா? ஃபிளைட்டும் வேண்டாம், ஊட்டியும் வேண்டாம்! | ஆபரேஷனுக்கு அப்புறம் விமானப் பயணம்

விழித்திரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்ச ஒருத்தர், ஒரே ஒரு விமானப் பயணத்துல அந்தக் கண்ணோட பார்வையை நிரந்தரமா இழக்கலாம். ஆபரேஷன்ல எந்தத் தப்பும் நடந்திருக்காது. மதுரையிலேர்ந்து கொடைக்கானலுக்கு பஸ்ல போனாலும் அதே ஆபத்து உண்டு. ஏன்னு பார்த்துடுவோம். கூடவே வயிறு, இதயம், மூட்டு ஆபரேஷனுக்கு எத்தனை நாள் கழிச்சுப் பறக்கலாம், சீட்டுல எப்படி உட்காரணும், வீல்சேரை எப்படிக் கேட்டு வாங்கணும், எல்லாமே இந்த வீடியோவுல இருக்கு.

[திரையில்: வெளியே 36,000 அடி – உள்ளே 8,000 அடி]

விமானம் 36,000 அடியில பறக்கும்போது உள்ளே காத்தழுத்தத்தை ஏத்தி வைப்பாங்க. ஆனா தரையில இருக்கிற அளவுக்கு ஏத்த மாட்டாங்க. 6,000லேர்ந்து 8,000 அடி உயர மலையில எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, அவ்வளவுதான். சொல்லப்போனா ஊட்டி! ஊட்டியோட உயரம் சுமார் 7,350 அடி. அழுத்தம் குறைஞ்சா, அடைபட்டிருக்கிற வாயு விரியும். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கிட்டு வருதுல்ல, அதேதான். 8,000 அடியில அந்த வாயு மூணுல ஒரு பங்கு பெருசாயிடும்.

அதனால கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தையல் ஆறிடுச்சா?" இல்லைங்க. "உள்ளே எங்கயாவது வாயு அடைபட்டிருக்கா?"

[திரையில்: கண்ணின் குறுக்குவெட்டுப் படம்]

இப்போ கண்ணுக்கு வருவோம். இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. விழித்திரை பிரிஞ்சு வந்துடுச்சுன்னா, விட்ரெக்டமின்னு ஒரு ஆபரேஷன் பண்ணுவாங்க. கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல்லை எடுத்துட்டு, விழித்திரை திரும்ப ஒட்டுற வரைக்கும் அதை அழுத்திப் பிடிக்க வாயு நிரப்புவாங்க. வெறும் காத்துன்னா சுமார் ஒரு வாரத்துல கரைஞ்சிடும். எஸ்.எஃப்.6ங்கிற வாயு 2லேர்ந்து 3 வாரம் இருக்கும். சி3எஃப்8 போட்டிருந்தா 6லேர்ந்து 8 வாரம்.

கண்ணுக்குள்ள அந்த ஜெல் இருந்த இடம் மொத்தமே சுமார் 4 மில்லி. அது முழுக்க வாயு இருக்கும்போது விமானம் மேல ஏறுதுன்னு வைங்க. இன்னும் 1.3 மில்லிக்கு இடம் வேணும். கண்ணோட சுவர் அவ்வளவு விரிஞ்சு கொடுக்காது. சாதாரணமா 10லேர்ந்து 21 மி.மீ. பாதரச அளவு வரைக்கும் இருக்க வேண்டிய கண் அழுத்தம் எகிறிடும். விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோற தமனி நசுங்கி அடைபடும். கடுமையான வலி வரும், பார்வை இருட்டும். விமானம் தரையிறங்கிய பிறகும் அந்தப் பார்வை திரும்பாமலே போகலாம்.

கோயம்புத்தூர்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஊட்டிக்காரர் ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. அவரால சொந்த வீட்டுக்கே போக முடியாது! குமிழ் கரையிற வரைக்கும் மேட்டுப்பாளையத்துலயோ கோவையிலயோதான் தங்கணும். கொடைக்கானல்காரருக்கும் இதே கதிதான். ஏற்காடு, மூணாறு உயரம் குறைவுதான்னாலும் டாக்டரைக் கேட்காம ஏறாதீங்க. சென்னைக்கும் மதுரைக்கும் கண் சிகிச்சைக்காக வெளியூர்லேர்ந்து, வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்க ரிட்டர்ன் டிக்கெட்டோட வருவாங்க. அந்தத் தேதியை ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ஏன்னா கண்ணோட நிலைமை இடம் கொடுத்தா, வாயுவுக்குப் பதிலா சிலிக்கான் எண்ணெய் வைக்க முடியும். எண்ணெய் திரவம், உயரத்துல விரியாது. ஆனா அதை வெளியே எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும்.

குமிழ் இருக்கா இல்லையான்னு உங்களுக்கே கொஞ்சம் தெரியும். அது கண்ணுக்குள்ள மேல்பக்கம் மிதக்கும், ஆனா உங்க பார்வையில கீழ்ப்பக்கம் தெரியும்! விழித்திரையில பிம்பம் தலைகீழா விழுறதாலதான் இப்படி. தண்ணிமட்டம் மாதிரி ஒரு கோடு ஆடிக்கிட்டே இருக்கும். நாளாக நாளாக அது கீழே இறங்கும், கடைசியில சின்ன வட்டமாகி மறையும். எனக்கு இந்த ஆபரேஷன்லயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். ஆனா வட்டம் மறைஞ்சாலும் டாக்டர் பார்த்து "போகலாம்"னு சொன்ன பிறகுதான் டிக்கெட். இன்னொண்ணு, கண்ணுல கேஸ் இருக்குன்னு எச்சரிக்க ஆஸ்பத்திரியில கையில ஒரு பட்டை கட்டியிருந்தா கழட்டாதீங்க. குமிழ் இருக்கும்போது வேற ஏதாவது ஆபரேஷனுக்கு நைட்ரஸ் ஆக்சைடு மயக்கம் கொடுத்தாலும் குமிழ் வீங்கும். உங்களால பேச முடியாத நேரத்துல அந்தப் பட்டைதான் பேசும்.

வீட்டுல யாருக்காவது விழித்திரை ஆபரேஷன் நடக்கப்போகுதுன்னா, வீடியோவை இங்கயே நிறுத்திட்டு அவங்களுக்கு அனுப்பிடுங்க.

[திரையில்: எத்தனை நாள்?]

மத்த ஆபரேஷன்களை வேகமாப் பார்த்துடலாம். சிக்கல் எதுவும் இல்லாதவங்களுக்கு பொதுவாச் சொல்ற கணக்கு இது. கண்புரை 1 நாள். சின்னத் துளை போட்டுப் பண்ற லேப்ராஸ்கோபி 1லேர்ந்து 2 நாள். அதுல வயித்துக்குள்ள நிரப்புறது கார்பன் டை ஆக்சைடு, உடம்பு சீக்கிரம் உறிஞ்சிடும். சின்ன வயித்து ஆபரேஷன் 4லேர்ந்து 5 நாள். குடலை வெட்டி இணைச்ச மாதிரி பெரிய ஆபரேஷன்னா 10 நாள், ஏன்னா குடல்ல இருக்கிற வாயு விரிஞ்சு புதுத் தையலை இழுக்கும். பைபாஸுக்கும் 10 நாள். மாவுக்கட்டு போட்டா, 2 மணி நேரத்துக்குக் குறைவான பயணத்துக்கு 24 மணி நேரம், அதுக்கு மேலன்னா 48 மணி நேரம் பொறுங்க. இடுப்பு, முழங்கால் மூட்டு மாத்தினவங்களுக்கு ரத்தக்கட்டு, அதாவது கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைக்கிற பயம் அதிகம். நீண்ட பயணத்துக்கு டாக்டர் வாரக்கணக்குல தள்ளிப்போடச் சொல்வார், கேளுங்க.

இதெல்லாம் குறைந்தபட்ச நாள்தான். முடிவு உங்க சர்ஜனோடது. ஆபரேஷன் ஆகி கொஞ்ச நாள்தான் ஆகுதுன்னா விமான நிறுவனம் மெடிஃப்னு ஒரு படிவம் கேட்கும். அதை டாக்டர் நிரப்பணும். பயணத்துக்கு 2, 3 நாள் முன்னாடியே அனுப்பிடுங்க.

[திரையில்: சீட்டில் உட்காரும் முறை]

சீட்டு கடைசி நேரத்துல கிடைக்கும்னு விட்டுடாதீங்க, முன்னாடியே எடுங்க. நடைபாதை ஓர சீட்டா இருக்கட்டும். வலது கால்ல ஆபரேஷன்னா, வலது கால் நடைபாதைப் பக்கம் வர்ற வரிசையா எடுங்க, அப்பப்போ நீட்டலாம். தள்ளுவண்டி வரும்போது உள்ளே இழுத்துக்கணும். எமர்ஜென்சி கதவு வரிசையில இடம் தாராளமா இருக்கும், ஆனா உங்களை அங்க உட்கார விட மாட்டாங்க. பல விமானங்கள்ல நடைபாதைப் பக்கக் கைப்பிடியைத் தூக்க, அது சீட்டோட சேர்ற இடத்துக்கு அடியில ஒரு சின்ன பட்டன் இருக்கும். கைப்பிடி மேல போயிட்டா, எழுந்திரிக்க இடுப்பை முறுக்க வேண்டியதில்ல.

வயித்துல தையல் இருந்தா பெல்ட்டை தையல் மேல போடாதீங்க. இடுப்பெலும்புக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கிற இடத்துல இறுக்குங்க. நடுவுல மடிச்ச துண்டு வைங்க. இருமல் வந்தா அதே துண்டை தையல் மேல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க, வலி குறையும். முதல் நாளே மொச்சை, பட்டாணி, சோடாவை நிறுத்திடுங்க. மலம் சேர்றதுக்காக வயித்துல பை மாட்டியிருக்கிறவங்க விமானத்துல ஏறுறதுக்கு முன்னாடி காலி பண்ணிட்டு, மாத்துப் பைகளை வழக்கத்தைவிட அதிகமா கைப்பையில வைங்க.

கேபின் காத்து ரொம்ப வறட்சி, தண்ணி குடிங்க. முழங்கால் வரைக்குமான அழுத்தக் காலுறை டாக்டர் சொன்னா மட்டும், சரியான அளவுல போடுங்க. அரை மணிக்கு ஒரு தடவை கணுக்காலை மேலயும் கீழயும் 20 தடவை அசைங்க. வலி மாத்திரை, ரத்தக்கட்டைத் தடுக்கிற ஊசி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச்சீட்டு எல்லாம் கைப்பையில மட்டும்தான்.

வீல்சேர் கேட்கும்போது நிறைய பேர் கோட்டை விடுறாங்க. மூணு வகை இருக்கு. டபிள்யூ.சி.ஹெச்.ஆர்.னா படி ஏறுவீங்க, தூரம் நடக்க முடியாது. டபிள்யூ.சி.ஹெச்.எஸ்.னா படியும் ஏற முடியாது. டபிள்யூ.சி.ஹெச்.சி.னா சீட்டு வரைக்கும் கொண்டுபோகணும். சும்மா "வீல்சேர்"னு சொன்னா முதல் வகையைப் போட்டுடலாம், அப்புறம் ஏணிப்படிக்குக் கீழே நிக்க வேண்டி வரும். "என்னால படி ஏற முடியாது"ன்னு புக் பண்ணும்போதே சொல்லுங்க.

இறங்கின பிறகும் சில வாரம் காலைக் கவனிங்க. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தா உடனே 108.