போன் ஏன் திடீர்னு நின்னுபோகுது? போர்முனையிலிருந்து வீட்டுக்குச் செய்தி வர்ற வழி

[திரை இருட்டு. சமையலறைச் சுவர்க் கடிகாரத்தோட சத்தம் மட்டும்.]

2007ஆம் வருஷம்னு வெச்சுக்குங்க. அமெரிக்காவுல, வட கரோலினாவுல ஒரு வீடு. மனைவி மட்டும் வீட்டுல. கணவர் ராணுவ வீரர், ஈராக் போர்ல இருக்கார். வாரத்துல ரெண்டு நாள் காலையில ஏழு மணிக்கு அவர்கிட்ட இருந்து போன் வரும். அங்கே அப்போ மத்தியானம். கால் மணி நேரம் பேசுவாங்க, அவ்வளவுதான், பின்னாடி வரிசை நிக்கும்.

இன்னைக்குப் போன் வரல. சரி, வேலையா இருப்பார். அடுத்த நாளும் வரல, மெயிலுக்கும் பதில் இல்ல. அதே பட்டாலியன்ல, அதாவது சில நூறு வீரர்கள் சேர்ந்த படைப் பிரிவுல, கணவர் இருக்கிற பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேக்கறாங்க: "உங்களுக்குப் பேசினாரா?"

"இல்லையே..."

அந்த ஒரு "இல்லையே"ல ரெண்டு பேருக்கும் விஷயம் புரிஞ்சுடுது. நம்ம பட்டாலியன்ல யாரோ ஒருத்தருக்கு ஏதோ ஆகியிருக்கு.

[தலைப்பு அட்டை]

அமெரிக்க ராணுவத்துல இதுக்கு ஒரு பேர் உண்டு, "ரிவர் சிட்டி". முகாம்ல ஒரு வீரர் இறந்துட்டா, இல்ல மோசமா காயம்பட்டா, தளபதி உத்தரவு போட்டு முகாமோட போன், இன்டர்நெட் எல்லாத்தையும் நிறுத்திடுவார். அந்த வீரரோட குடும்பத்துக்கு முறைப்படி செய்தி போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் பேச முடியாது. சில சமயம் சில மணி நேரம், சில சமயம் ஒண்ணு ரெண்டு நாள்.

இத்தனை கடுமை எதுக்குன்னு தோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. கூட இருந்த பையன் ஒருத்தன் நல்ல மனசோட தன் மனைவிகிட்ட சொல்றான், அவங்க அம்மாகிட்ட சொல்றாங்க, யாரோ பேஸ்புக்குல "ஆழ்ந்த இரங்கல்"னு போட்டுடறாங்க. இறந்தவரோட மனைவி அதைக் கடையில வரிசையில நிக்கும்போது போன்ல பார்க்கறாங்க. இது நடக்கக் கூடாதுன்னுதான், ஒரு வீட்டுக்காக நூத்துக்கணக்கான வீடுங்க காத்துக் கிடக்கு.

[பழைய தந்தித் தாள். மஞ்சள் டாக்சி.]

இந்த அக்கறை முதல்லயே இருந்ததில்ல. 1965 நவம்பர், வியட்நாம்ல யா டிராங் பள்ளத்தாக்கு. சில நாள் சண்டையில 200க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தாங்க. அவங்கள்ல பல பேரோட குடும்பங்கள் ஜார்ஜியா மாநிலத்துல, ஃபோர்ட் பென்னிங் தளத்தை ஒட்டின கொலம்பஸ் ஊர்ல இருந்துச்சு. ராணுவம் தந்தி அடிச்சது. அந்தத் தந்திகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது டாக்சி டிரைவர்கள். கதவைத் தட்டி, காகிதத்தை நீட்டிட்டுப் போயிடுவாங்க. பாவம், அந்த டிரைவர்களும் வேற என்ன செய்ய முடியும்?

தந்தின்னா என்ன பயம்னு நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க. தபால்காரர் "தந்தி"ன்னு குரல் கொடுத்தாலே, பிரிக்கறதுக்கு முன்னாடியே வீட்டுல அழுகை ஆரம்பிச்சிடும்.

அந்தச் சண்டையில ஒரு பட்டாலியனை நடத்தினவர் ஹால் மூர். அவரோட மனைவி ஜூலியா மூர் கொலம்பஸ்லதான் இருந்தாங்க. தந்தி போன வீடுங்களுக்கு அவங்களே தேடிப்போனாங்க, கூட உட்கார்ந்தாங்க, இறுதிச் சடங்குகளுக்குப் போனாங்க. இது சரியில்லன்னு ராணுவத்துகிட்ட விடாம சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் முறை மாறிச்சு. சீருடையில ஒரு அதிகாரியும் மதகுரு ஒருத்தரும் நேர்ல போய்ச் சொல்லணும்னு வந்தது. ஒரு பெண்மணி, எந்தப் பதவியும் இல்லாம, இவ்வளவு பெரிய ராணுவத்தோட வழக்கத்தை மாத்தினாங்க. எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

இன்னைக்கும் அதே முறைதான். இறந்தவரோட பதவிக்குச் சமமான, இல்ல அதுக்கு மேலான ஒருத்தர்தான் போகணும். நள்ளிரவு தாண்டினா பொதுவா விடியற வரைக்கும் காத்திருந்துதான் கதவைத் தட்டுவாங்க. குடும்பத்துக்குச் சொல்லி 24 மணி நேரம் ஆன பிறகுதான் பேரை வெளியில அறிவிப்பாங்க.

இப்போ அந்த வட கரோலினா வீட்டுக்கு வருவோம்.

[ஜன்னல் திரை. தெருவுல மெதுவா போற கார்.]

அந்த ரெண்டு நாளும் அந்தத் தெருவுல யாரும் சரியா தூங்கியிருக்க மாட்டாங்க. ஒரு கார் வேகம் குறைஞ்சா ஜன்னல் திரை விலகும். கார் நம்ம வாசலைத் தாண்டிப் போற வரைக்கும் மூச்சு வராது. கடைசியில ஒரு செய்தி வரும். நான் படிச்ச வரைக்கும் ராணுவக் குடும்பங்கள் அதிகமா காத்திருக்கிற வாக்கியம் அதுதான்: "நமது பட்டாலியனில் ஓர் இழப்பு ஏற்பட்டுள்ளது. சம்பந்தப்பட்ட குடும்பத்தினர் அனைவருக்கும் தகவல் தெரிவிக்கப்பட்டுவிட்டது."

ரெண்டாவது வரியை இன்னொரு தடவை படிங்க. நம்ம வீட்டுக் கதவை யாரும் தட்டலன்னா, நம்மாளு உயிரோட இருக்கார்னு அர்த்தம். உடம்பெல்லாம் இளகிப்போகும். அடுத்த நொடியே, அப்போ யார் வீட்டுக் கதவு தட்டப்பட்டிருக்கும்னு நினைப்பு வரும். நிம்மதியும் குற்ற உணர்ச்சியும் ஒரே மூச்சுல.

இந்தச் செய்தியை அனுப்பறது யாரு? ஒரு படை வெளிநாடு போகும்போது எல்லாரும் போயிட மாட்டாங்க. சின்னக் குழு ஒண்ணு ஊர்லயே தங்கும், அதுக்கு ரியர் டிடாச்மென்ட்னு பேர். அதோட சேர்ந்து வேலை செய்யறது குடும்பத் தயார்நிலைக் குழு, 2007ல அதுக்குச் சுருக்கமா எஃப்.ஆர்.ஜி.ன்னு பேர். பெரும்பாலும் வீரர்களோட மனைவிமார், சம்பளம் இல்லாத தொண்டு. இவங்ககிட்ட ஒரு போன் சங்கிலி இருக்கும். ஒருத்தர் அஞ்சு பேருக்குச் சொல்வாங்க, அந்த அஞ்சு பேர் ஆளுக்கு அஞ்சு பேருக்கு. இப்போ மின்னஞ்சலும் பேஸ்புக் குழுவும் சேர்ந்துடுச்சு.

கெட்ட செய்தி மட்டும் இல்ல. கம்பெனி கமாண்டர், அதாவது பட்டாலியனுக்குள்ள இருக்கிற ஒரு சின்னப் பிரிவோட தலைவர், அப்பப்போ குடும்பங்களுக்குக் கடிதம் எழுதுவார். "வீரர்கள் உற்சாகத்துடன் கடமையாற்றுகிறார்கள்"னு எழுதினா யாருக்கும் எதுவும் தெரியாது. வீட்டுல இருக்கிறவங்க கேக்கறது வேற. எங்கே தூங்கறான்? கன்டெய்னரை அறையாக்கி, ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு கொடுத்திருக்காங்க, ஏ.சி. இருக்கு. வெயில்? ஜூலையில 50 டிகிரியைத் தொடுது. சாப்பாடு? பெரிய முகாம்னா சுடச்சுட கிடைக்குது, சின்னக் காவல் முகாம்ல பொட்டலச் சாப்பாடுதான். துணி? பையில கட்டிக் கொடுத்தா சில நாள்ல துவைச்சு வருது. இதைப் படிச்ச அம்மா அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்குவாங்க.

வீட்டிலிருந்து போறதுக்கும் விதி இருக்கு. மத்திய கிழக்குக்குப் போற பார்சல்ல பன்றிக்கறி, மது கூடாது. போய்ச் சேர ஒண்ணு, ரெண்டு வாரம் ஆகலாம். அங்கேயிருந்து வர்ற கடிதத்துக்குத் தபால்தலை வேண்டாம், மூலையில "இலவசம்"னு கையால எழுதினா போதும்.

கடிதம்னதும் இரண்டாம் உலகப் போரைச் சொல்லாம போக முடியாது.

[மைக்ரோஃபிலிம் சுருள், பக்கத்துல தபால் மூட்டைகள்.]

கப்பல்ல ஆயுதத்துக்கே இடம் போதல, கடிதத்துக்கு எங்கே போறது? 1942 ஜூன்ல வி-மெயில் வந்துச்சு. கடிதத்தைச் சின்னதா மைக்ரோஃபிலிம்ல படம் எடுத்து அனுப்பி, அந்தப் பக்கம் திரும்பக் காகிதத்துல அச்சடிச்சுக் கொடுத்தாங்க. 1,50,000 கடிதம் 37 மூட்டை, அது ஒரே மூட்டையாச்சு. ஆனாலும் ஐரோப்பாவுல இருந்த வீரர்களுக்கு வந்த சாதாரணத் தபாலும் பார்சலும் இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல மலையா குவிஞ்சு கிடந்துச்சு. 1945 பிப்ரவரியில மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில 6888ஆவது தபால் பட்டாலியன் அங்கே போய் இறங்கிச்சு. கிட்டத்தட்ட எல்லாருமே கறுப்பினப் பெண்கள், மொத்தம் 855 பேர். ராவும் பகலுமா மூணு ஷிப்ட்டு. ஒரே பேர்ல ஆயிரக்கணக்கான ராபர்ட் ஸ்மித்துகள், ராணுவ எண்ணைப் பார்த்துப் பிரிக்கணும். ஆறு மாசம் ஆகும்னு சொன்ன வேலையை மூணு மாசத்துல முடிச்சாங்க. தபால் இல்லன்னா தெம்பு இல்லன்னு அவங்களுக்கு ஒரு முழக்கமே இருந்துச்சு.

இன்னைக்குப் பிரச்சினை தாமதம் இல்ல, வேகம். 2010ல இஸ்ரேல் வீரர் ஒருத்தர், எந்த ஊர்ல என்னைக்குச் சோதனைக்குப் போறோம்னு பேஸ்புக்குல போட்டுட்டார், ராணுவம் அந்த நடவடிக்கையையே கைவிட்டது. 2018 ஜனவரியில ஸ்ட்ராவாங்கிற உடற்பயிற்சி ஆப்போட உலக வரைபடத்துல, பாலைவனத்துக்கு நடுவுல வெளிச்சக் கோடுகள் தெரிஞ்சுது. வீரர்கள் முகாமைச் சுத்தி ஓடின பாதை அது. அதனாலதான் 2020 ஜனவரியில 82ஆவது வான்வழிப் படையிலிருந்து ஒரு பிரிகேட் (பல பட்டாலியன்கள் சேர்ந்த படைப் பிரிவு) மத்திய கிழக்குக்குக் கிளம்பினப்போ, சொந்தப் போனையெல்லாம் வீட்டுலயே வெச்சுட்டுப் போகச் சொன்னாங்க. குடும்பங்களுக்குக் கஷ்டம்தான். ஆனா போன் இருக்கிற இடம்தான் ஆள் இருக்கிற இடம்.

வீட்டுக்காரர் திரும்பி வர்ற தேதியை மனைவி வெளியில சொல்லக் கூடாதுங்கறதும் அதுக்குத்தான். தேதி நிலைக்கும்னும் சொல்ல முடியாது. 2006 ஜூலையில 172ஆவது ஸ்ட்ரைக்கர் பிரிகேட் ஒரு வருஷம் முடிச்சு ஈராக்கிலிருந்து அலாஸ்காவுக்குக் கிளம்பிட்டிருந்துச்சு. சில நூறு பேர் வீட்டுக்கே வந்து சேர்ந்துட்டாங்க. அப்போ வந்தது உத்தரவு: இன்னும் நாலு மாசம் வரைக்கும் இருக்கணும். வந்து சேர்ந்தவங்கள்ல 300க்கும் மேற்பட்டவங்க, பிள்ளையைத் தூக்கின கை ஈரம் காயறதுக்குள்ள திரும்பப் போனாங்க. கோபப்பட்ட குடும்பங்களைப் பார்க்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டே ஆகஸ்ட்ல அலாஸ்கா போக வேண்டியதாச்சு. பேட்டி கொடுத்து ஆறுதல் சொல்லிட முடியாத இடம் அது.

[மறுபடியும் அந்தச் சமையலறை. போன் மணி.]

ரிவர் சிட்டி முடிஞ்சதும் முதல் போன் ரொம்பச் சின்னதா இருக்கும். "நான்தான்." "சரி." "நல்லா இருக்கேன்." "சரி." இறந்தது யாருன்னு அவரும் சொல்ல மாட்டார், இவங்களும் கேக்க மாட்டாங்க. பின்னாடி வரிசை நிக்குது.

கமாண்டரோட அடுத்த கடிதத்துல முதல் பத்தி, முகாம்ல நடந்த அஞ்சலிக் கூட்டத்தைப் பத்தி இருக்கும். காலணி, தலைகீழா நட்ட துப்பாக்கி, அது மேல ஹெல்மெட், அடையாளத் தகடு. அதுக்குக் கீழே, வழக்கம்போல, வெயில் எவ்வளவு, தபால் எத்தனை நாள் ஆகுது, காலுறை நிறைய அனுப்புங்க, சாக்லேட் வேண்டாம், உருகிடுது.