வலிக்காகக் கஞ்சா: வயதுவந்தோர் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

[காட்சி: மேசையில் ஒரு கிளினிக் கொப்பி. அருகே துளிக்குழாய் வைத்த சிறிய போத்தல்.]

வெள்ளவத்தையில் வசிக்கும் எங்கள் பெரியம்மா, டொரொன்டோவில் மகனுடன் ஆறு மாதம் தங்கியிருந்த காலத்தில், முழங்கால் வலிக்காக இரவில் நாக்கின் கீழ் சில துளி எண்ணெய் விட்டுக்கொண்டார். போத்தலில் ‘சிபிடி’ என்று எழுதி, அதன் கீழ் மில்லிகிராம் அளவும் போடப்பட்டிருந்தது. அது கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெய் என்பது கொழும்புக்குத் திரும்பிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

மருத்துவத்துக்காகக் கஞ்சா என்றதும் நம்மில் பலருக்குப் புற்றுநோயாளிகளே நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் அமெரிக்க மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வின்படி, நோயாளிகள் சொன்ன காரணங்களில் ஏறக்குறைய 62 சதவீதம் நாட்பட்ட வலிதான். இவ்வாறு பதிவு செய்தவர்களின் தொகை 2016இல் ஏறத்தாழ 678,000 ஆக இருந்து, 2020இல் 30 இலட்சத்தை நெருங்கியது.

நாட்பட்ட வலி, புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் குமட்டல், மூளை, முதுகுத்தண்டு நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் தசை இறுக்கம் ஆகிய மூன்றுக்கும் வலுவான சான்றுகள் உண்டு என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2017ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. நித்திரைக்காகவும் பதற்றத்துக்காகவும் எடுப்பவர்களும் மிகப் பலர். அங்கே சான்றுகள் அவ்வளவு வலுவானவையல்ல.

[காட்சி: கடிகாரம். முள் மெல்ல நகர்கிறது.]

எதற்காக எடுக்கிறார்கள் என்பதைவிட, எப்படி எடுக்கிறார்கள் என்பதே என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் விளைவு தெரிந்து, சில மணித்தியாலங்களில் தணிந்துவிடும். தின்பண்டமாகவோ குளிசையாகவோ விழுங்கினால், அது குடலில் உறிஞ்சப்பட்டு ஈரலைக் கடந்தே இரத்தத்தில் பரவுவதால், விளைவு தொடங்கவே அரை மணி முதல் இரண்டு மணித்தியாலம் வரை ஆகலாம். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று ஒரு மணித்தியாலத்தில் இன்னொன்றையும் விழுங்கும் முதியவருக்கு, இரண்டும் சேர்ந்து நள்ளிரவில் வேலை செய்யும்போது தலைசுற்றலும் தடுமாற்றமும் வருகின்றன. அந்த நேரத்தில் குளியலறைக்கு எழுந்து போகும்போது விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற கூறு. அதன் மற்றொரு கூறான சிபிடி போதை தராது. அதனாலேயே அதைத் தீங்கற்ற எண்ணெய் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள்.

இந்த முதியவர்களின் பங்கும் கூடிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோரில், முந்தைய ஓராண்டில் எந்தக் காரணத்துக்காகவேனும் கஞ்சா எடுத்தவர்கள் 2015இல் 2.4 சதவீதம், 2018இல் 4.2 சதவீதம். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய் என்று ஏற்கெனவே கைநிறையக் குளிசைகள் எடுக்கும் வயது அது.

கனடாவில் 2018 ஒக்டோபர் முதல் வயதுவந்தோர் இதைக் கடையிலேயே சட்டபூர்வமாக வாங்கலாம் என்பதால், மருந்தாக எடுப்பவர்களிலும் பலர் வைத்தியரிடம் போவதில்லை. இலங்கையில் நிலைமை வேறு. இங்கே கஞ்சா வைத்திருப்பதே குற்றம். ஆயுர்வேத மருந்துத் தயாரிப்புக்கு அரச அனுமதியுடன் இடம் உண்டு. நம் சித்த, ஆயுர்வேத மரபுகளில் இது லேகியங்களில் சேர்ந்த பழைய சரக்குத்தான் என்றாலும், வெளிநாட்டில் எடுத்ததைக்கூட இங்கே வாய்திறந்து சொல்ல மக்கள் அஞ்சுகிறார்கள்.

[காட்சி: கொப்பியின் பக்கங்கள். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் அளவுகள் வரிசையாக.]

பெரியம்மா இதயத்துடிப்புக் கோளாறுக்காகப் பல ஆண்டுகளாக வார்ஃபரின் எடுக்கிறார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் இந்த மருந்தை உடைக்கும் ஈரல் நொதிகளைச் சிபிடி மந்தப்படுத்துகிறது. அதனால் வார்ஃபரின் உடலில் தேங்கி, இரத்தம் கசியும் அபாயம் கூடுகிறது. டொரொன்டோவில் அவருடைய ஐ.என்.ஆர் ஏறியதைக் கண்ட வைத்தியர், எண்ணெயைப் பற்றி அறியாமல் வார்ஃபரின் அளவைக் குறைத்தார். கொழும்புக்கு வந்து எண்ணெய் நின்றதும் ஐ.என்.ஆர் 2க்குக் கீழே இறங்கியது. இப்போது அச்சம் இரத்தம் உறைவதைப் பற்றியது.

இங்குள்ள வைத்தியர் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டிவிட்டு, “அம்மா, அங்கே வேறு ஏதாவது எடுத்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். பெரியம்மா சற்றுத் தயங்கினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். வைத்தியர் முகம் சுளிக்காமல், வார்ஃபரின் என்ற வரிக்குக் கீழே அதையும் எழுதினார்: சிபிடி எண்ணெய், இரவில், ஆறு மாதம், இப்போது இல்லை.