பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு வாக்குவாதம்? மேயோ - கால்வே மைனர் கால்பந்து பற்றி நேயர் கேள்வி

சரி, இந்த வாரம் வந்த கேள்விகளில் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அயர்லாந்தில், கால்வே நகரத்தில் வேலை பார்க்கும் ஒரு நேயர் எழுதியிருக்கிறார். "எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் கால்வேக்காரர்கள், மூன்று நான்கு பேர் பக்கத்து மேயோ கவுண்டிக்காரர்கள். 17 வயதுக்குட்பட்டோர், அதாவது மைனர் பிரிவு கேலிக் கால்பந்தில் இந்த இரண்டு அணிகளும் மோதினால், அடுத்த ஒரு வாரத்துக்குச் சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சுதான். பள்ளிக்கூடப் பையன்கள் ஆடுகிறார்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. இதற்கு ஏன் இத்தனை ஆவேசம்? இங்கே ஜெயிப்பவர்கள்தான் பிறகு பெரியவர்கள் அணியிலும் ஜெயிப்பார்களா? நானும் ஒரு ஆட்டத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?"

ரொம்ப நல்ல கேள்வி. இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்காக முதலில் நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடக்கூடாது. ஒன்று, தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் ஓடிக்கொண்டே காலில் போட்டுத் திரும்பக் கைக்கு எடுக்க வேண்டும். கோல் கம்பம் எச் எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 பாயிண்ட். கம்பிக்கு மேலே போனால் 1 பாயிண்ட். 2025-லிருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியே நின்று உதைத்து மேலே அனுப்பினால் 2 பாயிண்ட். ஸ்கோர் 2-12 என்று போட்டிருந்தால் இரண்டு கோல், அதோடு 12 பாயிண்ட், ஆக மொத்தம் 18.

ஆவேசத்துக்குக் காரணம் என்னவென்றால், இந்த ஆட்டத்தில் ஆளை விலைக்கு வாங்க முடியாது. 1884-ல் தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இது சம்பளம் இல்லாத ஆட்டம். 82,000 பேருக்கு மேல் கொள்ளும் டப்ளின் மைதானமான க்ரோக் பார்க் நிரம்பி வழியும் நாளில் ஆடுகிறவர் திங்கள்கிழமை வகுப்பெடுக்கப் போகும் வாத்தியாராக இருப்பார், இல்லை விவசாயியாக இருப்பார். சொந்த ஊர் கிளப்புக்கு ஆடுகிறார், அந்தக் கிளப் இருக்கும் கவுண்டிக்கு, நம்மூர் மாவட்டம் மாதிரி, ஆடுகிறார். நல்ல முன்கள வீரர் இல்லையென்றால் வெளியிலிருந்து யாரையும் காசு கொடுத்துக் கூட்டி வர வழியில்லை, அந்த ஊரிலேயே ஒருவன் பிறந்து வளர்ந்து வரவேண்டும். அதனால்தான் உங்கள் நண்பர்கள் 16 வயதுப் பையனை அப்படி உற்றுப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வரப்போகும் பத்து வருடமும் அந்த மைதானத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதிலும் மேயோவும் கால்வேயும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் இரண்டு கவுண்டிகள். கானக்ட் மாகாணத்தில் மொத்தமே ஐந்து கவுண்டிதான். அதில் பெரியவை இவை இரண்டும். ஷ்ரூல், காங் மாதிரி எல்லையோர ஊர்களில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே கடைத்தெரு, கொடுக்கல் வாங்கல், கல்யாண உறவு எல்லாம் கலந்து கிடக்கும். தூரத்து அணியிடம் தோற்றால் ஒரு நாளில் மறந்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் தோற்றால் மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும்போதே முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மேயோவுக்கு இன்னொரு வலியும் இருக்கிறது. பெரியவர்கள் பிரிவில் அகில அயர்லாந்துக் கோப்பையை அவர்கள் கடைசியாக வென்றது 1951-ல். 1989 முதல் 2021 வரை பதினொரு இறுதிப் போட்டிகளில் தோற்றிருக்கிறார்கள். 2016-ல் மறு ஆட்டத்தில் ஒரு பாயிண்ட், 2017-ல் மறுபடியும் ஒரே ஒரு பாயிண்ட். அங்கே நாற்பது வயதுக்காரர் ஒருவரின் ஆட்ட நினைவுகளைக் கேட்டால் கண் கலங்காமல் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்கள் மைனர் அணியில் ஒரு நல்ல பையனைப் பார்த்துவிட்டால் விடுவார்களா?

இங்கே 2013-ஐச் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் காலத்தில் மைனர் இறுதிப் போட்டி பெரியவர்கள் இறுதிக்கு முன்னால், அதே நாளில், அதே க்ரோக் பார்க்கில் நடக்கும். அன்றைக்கு மேயோ இரண்டிலும் இருந்தது. முதலில் பையன்கள் டைரோன் கவுண்டியைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். பச்சையும் சிவப்பும் உடுத்தி வந்த கூட்டத்துக்கு அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் பெரியவர்கள் ஆட்டம் தொடங்கிவிட்டது. டப்ளின் 2-12, மேயோ 1-14. கணக்குப் போட்டுப் பாருங்கள், 18-க்கு 17. ஒரே மத்தியானத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு மேற்கே வண்டியோட்டித் திரும்பியவர்கள் அவர்கள்.

அந்த மைனர் அணியின் கேப்டன் ஸ்டீபன் கோவன். மூன்று வருடம் கழித்து, 2016-ல், 21 வயதுக்குட்பட்டோர் கோப்பையையும் அவரே கேப்டனாக வாங்கினார். பிறகு பெரியவர்கள் அணிக்கும் தலைமை ஏற்றார். இரண்டு படியும் ஏறியாயிற்று, மூன்றாவதும் வந்துவிடும் என்று மேயோ முழுக்க நம்பியது. இன்னும் வரவில்லை. இதை அந்தப் பையன்களின் குறையாக நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அந்த வருடங்களில் எதிரில் நின்றது டப்ளின், 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு முறை ஜெயித்த அணி.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. மைனரில் ஜெயித்தவர்கள் பிறகும் ஜெயிப்பார்கள் என்று சொல்லவே முடியாது. அந்த ஆறு முறை ஜெயித்த டப்ளினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய பத்து வருடங்களில் அவர்கள் வென்ற மைனர் கோப்பை ஒன்றே ஒன்று, 2012-ல். 2011 மைனர் இறுதியில் டிப்பரேரியிடம் தோற்றார்கள், அதுவும் ஒரு பாயிண்டில்தான். அன்றைக்குத் தோற்ற அணியில் இருந்தவர் கியரன் கில்கெனி. அவர்தான் பிறகு டப்ளினின் அந்தப் பெரிய வெற்றிகளுக்கு முதுகெலும்பாக நின்றார்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். கெர்ரி 2014 முதல் 2018 வரை ஐந்து வருடம் தொடர்ந்து மைனர் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் 2017 இறுதிப் போட்டி மறக்க முடியாதது. ஃபோஸா கிளப்பின் டேவிட் கிளிஃபர்ட் டெர்ரிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4-4 அடித்தார். நாலு கோல், நாலு பாயிண்ட், தனி ஆளாக 16. டெர்ரி அணி முழுவதும் சேர்ந்து அடித்ததே 1-8, அதாவது 11. அடுத்த வருடமே அவர் பெரியவர்கள் அணிக்கு வந்து, வருடத்தின் சிறந்த வீரர்களுக்குக் கொடுக்கும் ஆல் ஸ்டார் விருதும் வாங்கினார். இவ்வளவு பிள்ளைகள் வந்தும், 2014-க்குப் பிறகு கெர்ரியின் பெரியவர்கள் அணிக்கு அடுத்த கோப்பை கிடைத்தது 2022-ல்தான். கிளிஃபர்ட் மாதிரி ஒருவர் ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வருவார். அவரை வைத்து மற்ற பையன்களை அளக்கக்கூடாது.

ஏன் இப்படி மாறிப்போகிறது? 16, 17 வயதில் உடம்பு எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள், கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். மீசை முளைத்து, தோள் அகன்ற பையன் மோதித் தள்ளிவிட்டுப் போய்விடுவான். இருபது வயதில் எல்லோரும் அந்த உயரத்துக்கு வந்தபிறகு அவனுடைய பலம் தனியாகத் தெரியாது. அப்புறம் காயம், கல்லூரி, வெளியூர் வேலை, ஆஸ்திரேலியா போய்விடுவது என்று ஏதாவது ஒன்று வரும். அவ்வளவு ஏன், 2022-ல் இதே மேயோவும் கால்வேயும் என்ன செய்தார்கள்? மாகாண இறுதியில் மேயோ பையன்கள் கால்வேயை ஜெயித்தார்கள். அடுத்த சில வாரங்களில் ராஸ்காமனில், அகில அயர்லாந்து மைனர் இறுதியிலேயே இரண்டு அணிகளும் மறுபடி சந்தித்தன. இந்த முறை கால்வே ஜெயித்தது. சில வாரங்களிலேயே தலைகீழாகிற ஒன்றை வைத்து அடுத்த பத்து வருடத்தை எப்படிக் கணிப்பது?

வயதைப் பற்றியும் ஒன்று. மைனர் என்றால் முன்பு 18 வயதுக்குட்பட்டோர். 2018-லிருந்து 17 வயதுக்குட்பட்டோர் என்று ஆக்கிவிட்டார்கள். பள்ளிக் கடைசி வருடப் பரீட்சையும் இந்த ஆட்டங்களும் ஒரே மாதங்களில் மோதின. நன்றாக ஆடுகிற பையனை பள்ளிக்கூடம், கிளப், கவுண்டி என்று எல்லோரும் இழுத்தார்கள், அவனுக்கு மட்டையால் ஆடும் ஹர்லிங்கும் வந்துவிட்டால் இன்னும் இரண்டு அணி. அந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்திருக்கிறது. முன்பு பார்த்ததைவிட ஒரு வயது சின்னப் பையன்களை இப்போது நாம் தராசில் வைக்கிறோம்.

இதனால்தான் பேச்சைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறேன். அலுவலகத்தில் தாராளமாக வாதம் செய்யுங்கள். பயிற்சியாளர் ஏன் ஆள் மாற்றத் தாமதித்தார், ஏன் கடைசிப் பத்து நிமிடம் எல்லோரையும் பின்னால் இழுத்தார், நடுவர் கொடுத்த அந்த ஃப்ரீ கிக் சரியா, எல்லாவற்றையும் பேசலாம். ஒரு பையனின் பெயரைச் சொல்லி "அவனால்தான் தோற்றோம்" என்று மட்டும் பேசாதீர்கள், எழுதவே எழுதாதீர்கள். அவன் அதை அன்று ராத்திரியே போனில் படித்துவிடுவான். இந்த ஊர்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நீங்கள் திட்டும் பையனின் அப்பா உங்களுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கலாம். அதேபோல் "அடுத்த கிளிஃபர்ட்" என்று தலையில் தூக்கி வைப்பதும் வேண்டாம். அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் போன பையன்கள் எல்லாக் கவுண்டியிலும் இருக்கிறார்கள்.

இனி, என்ன கவனிப்பது. மைனர் ஆட்டம் அறுபது நிமிடம், பெரியவர்களுக்கு எழுபது. மேயோவின் சொந்த மைதானம் காசல்பாரில் இருக்கும் மெக்ஹேல் பார்க். கால்வேயில் என்றால் சால்ட்ஹில்லில் இருக்கும் பியர்ஸ் ஸ்டேடியம், இல்லையென்றால் டூவம் ஊரில் இருக்கும் மைதானம். சால்ட்ஹில் கடலை ஒட்டி இருக்கிறது, அங்கே காற்றுதான் பதினாறாவது ஆள். உள்ளே போனதும் முதலில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். இடைவேளையில் ஒரு அணி ஆறு பாயிண்ட் முன்னால் இருக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சமும் சந்தோஷப்படமாட்டார்கள். காற்றை முதுகில் வாங்கி ஆடிவிட்டார்கள், இனி அதை எதிர்த்து ஆடவேண்டுமே, ஆறு போதாது என்பார்கள். தூரத்திலிருந்து அடித்தால் 2 பாயிண்ட் என்று வந்தபிறகு இந்தக் காற்றுக் கணக்கு இன்னும் பெரிதாகிவிட்டது.

அடுத்தது, கோல் கீப்பர் ஆட்டத்தை மறுபடி தொடங்கும் கிக் அவுட். எதிரணி நெருக்கி நிற்கும்போது, நூற்றுக்கணக்கான பேர் கத்தும்போது, பந்தை யாருக்கு அனுப்புவது என்று அந்தப் பையன் இரண்டு நொடியில் முடிவெடுக்க வேண்டும். மைனர் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் கைமாறுகின்றன. பந்து இல்லாத பையன்களையும் பாருங்கள். அணி பின்தங்கி இருக்கும்போது "எனக்குக் கொடு" என்று காலி இடத்துக்கு ஓடி வருகிறவன் யார், மார்க் பண்ணுகிறவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறவன் யார்? இரண்டு காலாலும் உதைக்கிறவன் யார்? என்னைக் கேட்டால், எத்தனை பாயிண்ட் அடித்தான் என்பதைவிட இவைதான் ஒரு பையனைப் பற்றி நிறையச் சொல்லும்.

கம்பத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்பவர்கள் பச்சைக் கொடி ஆட்டினால் கோல், வெள்ளை என்றால் ஒரு பாயிண்ட், ஆரஞ்சு என்றால் இரண்டு. ரசிகர்களைப் பிரித்து உட்கார வைக்கும் வழக்கம் அங்கே இல்லை, மெரூன் சட்டைக்குப் பக்கத்திலேயே பச்சை சிவப்புச் சட்டை இருக்கும். அதனால் உங்கள் கால்வே நண்பர் ஒருவரையும் மேயோ நண்பர் ஒருவரையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போங்கள், இருவருக்கும் நடுவில் உட்காருங்கள். மாகாண ஆட்டங்கள் வசந்த காலத்தில் தொடங்கிவிடும். போய்விட்டு வந்து யார் ஜெயித்தார்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கீழே எழுதுங்கள், நான் கட்டாயம் படிப்பேன். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.